கல்லறை வரலாற்று நடையும் கல்லில்லாத தமிழரும்: கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

பழைய நகர இடுகாட்டினுள் வழிகாட்டி ஒருவரின் துணையோடு நடந்து, கல்லறைகளின் வாயிலாக அந்நகரின் வரலாற்றைக் கற்கும் முயற்சி இன்று உலகின் பல நகரங்களில் நிலைபெற்றுவிட்டது. இதனைத் தமிழில் ‘கல்லறை வரலாற்று நடை’ என்று குறிக்கலாம். கோயில், கோட்டை, பழங்கடைத்தெரு ஆகியவற்றைச் சுற்றிவரும் மரபு நடை தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. இடுகாட்டு நடையோ நம்மிடையே இன்னும் தயக்கத்துடனேயே நோக்கப்படுகிறது. இறந்தோர் இடத்திற்குக் காரியமின்றிச் செல்லலாகாது, சென்றால் குளித்த பின்னரே வீட்டினுள் நுழைய வேண்டும் என்னும் வழக்கம் நம் குடும்பங்களில் வலுவாக உள்ளது. அவ்வழக்கத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கோலாலம்பூரிலும் கிள்ளான் வட்டாரத்திலும் இத்தகைய நடைக்கு உரிய இடங்கள் எவை, அவ்விடங்களில் தமிழர் எங்கே தென்படுகின்றனர், தென்படாத இடத்தில் ஆசிரியர் எதைக் கொண்டு பேசுவது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இடுகாட்டைப் பார்வைக்குரிய இடமாகக் கருதும் போக்கு ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. பாரிசு நகரின் பெர் லாசேஸ் 1804இலும், இலண்டனின் ஹைகேட் 1839இலும் திறக்கப்பட்டன. 1883இல் கார்ல் மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்ட ஹைகேட்டைச் சிதைவிலிருந்து மீட்க 1975இல் அன்பர் குழு ஒன்று அமைந்தது. அக்குழு நடத்திய வழிகாட்டு நடைகள் பிற நகரங்களுக்கும் முன்மாதிரியாயின. இந்தியாவில் 1767இல் தொடங்கப்பட்ட கல்கத்தாவின் தெற்குப் பூங்காத் தெரு இடுகாடு இவ்வகையில் பெயர்பெற்றது. வடமொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் அங்குதான் அடக்கமானார்.

நம் வட்டாரத்தில் இடுகாடு பொதுமக்களின் கவனத்திற்கு வந்தது பெரும்பாலும் அதற்கு ஆபத்து நேர்ந்தபோதுதான். மலாக்காவின் புக்கிட் சீனாவை மேம்பாட்டிற்கென எடுத்துக்கொள்ளும் திட்டம் 1984இல் எழுந்தபோது சீனச் சமூகம் நாடளாவிய எதிர்ப்புத் தெரிவித்தது, குன்று தப்பியது. சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் அவ்வாறு முழுமையாகத் தப்பவில்லை. 1922இல் நகராட்சிச் சீன இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்ட அவ்விடத்தில் ஏறத்தாழ 1,00,000 கல்லறைகள் இருந்தன. அதனூடே எட்டுத்தட நெடுஞ்சாலை அமையும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டதும், தங்களைப் ‘பிரவுனிகள்’ என்று அழைத்துக்கொண்ட தன்னார்வலர்கள் வார இறுதிகளில் மக்களை அழைத்துச் சென்று கல்லறைகளைக் காட்டத் தொடங்கினர். உலக நினைவுச் சின்னங்கள் நிதியத்தின் 2014ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலில் அவ்விடம் இடம்பெற்றது. எனினும் சாலை அமைந்தது. ஏறத்தாழ 4,000 கல்லறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அகழ்வதற்கு முன் ஒவ்வொரு கல்லறையும் ஆவணப்படுத்தப்பட்டது என்பது ஓரளவு ஆறுதல். செல்வர் சிலரின் கல்லறைகளுக்கு இருபுறமும் தலைப்பாகையும் துப்பாக்கியுமாக நிற்கும் சீக்கியக் காவலர் கற்சிலைகள் புக்கிட் பிரவுனில் பெயர்பெற்றவை. சீனர் இடுகாட்டில் இந்தியர் வரலாறு எவ்வாறு நுழைந்துள்ளது என்பதற்கு அவை சான்று. ஆனால் கல்லறைக்குள் இருப்பவருக்குப் பெயர் உண்டு. வாயிலில் நிற்கும் காவலருக்குப் பெயர் இல்லை. இவ்வேறுபாட்டிற்குக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவோம்.

பினாங்கில் நார்தாம் சாலைப் பழைய புரொட்டஸ்டண்டு இடுகாடும், அங்குள்ள பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் நகர நடைகளில் நெடுங்காலமாகக் காட்டப்படுகின்றன. அதே நகரில் கம்போங் கோலத்தில் உள்ள காப்பித்தான் கிளிங் காதர் முகைதீனின் அடக்கத்தலம் தமிழாசிரியர் தவறவிடக்கூடாத ஒன்று. பள்ளிவாசலைப் பார்ப்போர் பலர், அதன் நிறுவனர் அருகிலேயே அடங்கியிருப்பதை அறியாது திரும்புகின்றனர்.

கோலாலம்பூர் இடுகாடுகள்

தலைநகரில் இத்தகைய நடைக்கு மிக ஏற்ற இடம் குவோங் தோங் இடுகாடாகும். 1895இல் காப்பித்தான் யாப் குவான் செங் உள்ளிட்ட சீனத் தலைவர்களின் முயற்சியால் அரசு வழங்கிய நிலத்தில் அது அமைந்தது. குன்றும் மரங்களும் நிறைந்த அவ்விடத்தில் காலை நேரங்களில் உடற்பயிற்சிக்காக ஓடுவோரும் நடப்போரும் மிகுதி. நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்டபின் இடுகாடே ஊரின் பூங்காவாகவும் பயன்பட்டு வருகிறது.

கோலாலம்பூரை வளர்த்தெடுத்த காப்பித்தான் யாப் ஆ லோயின் கல்லறை அங்குள்ளது. அவர் இறந்தது 1885 ஏப்ரல் 15இல். இடுகாட்டிற்கு நிலம் வழங்கப்பட்டதோ 1895இல். இடைப்பட்ட பத்தாண்டுகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே அக்கல்லறையின் முன் மாணவரிடம் கேட்கவேண்டிய முதல் வினா. வழிகாட்டி விடையைத் தந்துவிடாமல், எந்த ஆவணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று மாணவரையே சொல்லச் செய்தால் நடை பாடமாகிறது. பெருமக்களின் பெருமையை மட்டும் எடுத்துரைத்து நகரும் நடை, பேருந்துச் சுற்றுலாவினின்றும் வேறுபட்டதாகாது. இரவில் விளக்கேந்திச் சென்று பேய்க்கதை கூறும் நடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அதே இடுகாட்டில் 1947இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் ஒன்று உள்ளது. ஜப்பானியரை எதிர்த்த போரில் சீனாவுக்கு உதவ மலாயாவிலிருந்து சென்று உயிர்நீத்த வாகன ஓட்டுநர்களுக்கும் இயந்திரப் பணியாளர்களுக்கும் சிலாங்கூர்ச் சீனர் எழுப்பியது அது. போர் முடிந்த இரண்டே ஆண்டுகளில், தம் தொழிலாளர்க்கு ஒரு சமூகம் கல் நாட்டியிருக்கிறது. இச்செய்தியைத் தமிழ் மாணவர் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சயாம் இரயில் பாதையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கோலாலம்பூர் ஜப்பானியர் இடுகாட்டில் 1977 செப்டம்பர் 27இல் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தோர்க்கான நினைவுச்சின்னம் உள்ளது. சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஜப்பானிய விமானம் எல்மினா தோட்டத்து மேட்டில் மோதியதில் 34 பேர் உயிரிழந்தனர். எல்மினா இன்று குடியிருப்பு நகரத்தின் பெயர். பால்மரம் வெட்டிய தோட்டம் ஒன்று அங்கிருந்தது என்பதை வேற்றுநாட்டார் நினைவுக்கல் ஒன்றின் முன் நின்று நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செராஸ் சாலைக் கிறித்தவ இடுகாட்டில் 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவசரகாலத்தில் உயிரிழந்த போர்வீரர்களின் கல்லறைகளும் அங்கு வரிசையாக உள்ளன. ஒரே அளவு, ஒரே வடிவம், பெயர், படைப்பிரிவு, நாள், அகவை. அவசரகால வரலாற்றைப் பாடநூலில் படித்த மாணவர், இறந்தோருள் பெரும்பாலோர் இருபது அகவையை ஒட்டியவர்கள் என்பதைக் கற்களை எண்ணியே அறியலாம். செராஸ் வட்டாரத்தின் சிறப்பு வேறொன்று. வேறுவேறு சமயத்தார்க்குரிய இடுகாடுகளும், இந்துக்கள் பயன்படுத்தும் மின்சுடலையும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. ஒரே காலையில் புதைத்தல், எரித்தல் என்னும் இருமுறைகளையும் ஒப்பிட்டுக் காட்டக்கூடிய இடம் தலைநகரில் இதுவே எனலாம்.

கல்லை வாசித்தல்

தமிழர் கல்லறைகளில் எழுத்துடையவை பெரும்பாலும் கிறித்தவர்களுடையவை. தென்னிந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இவற்றுள் அடங்குவர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேப் பணியை ஒட்டிக் குடியேறிய இச்சமூகங்களின் வாழ்வை அங்குள்ள பழைய தேவாலயங்கள் ஒருபுறம் காட்டுகின்றன. இடுகாடு மறுபுறம் காட்டுகிறது. தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. இடுகாட்டில் கல் உண்டு. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது ஓர் ஆளின் வாழ்க்கைக்குத் தொடக்கமும் முடிவும் கிடைக்கின்றன.

கல்லறை எழுத்து சிறிய பனுவல். ஆயினும் தமிழாசிரியர்க்கு அதில் வேலை மிகுதி. பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், பணி, இறந்த நாள், ஒரு மறைமொழி ஆகியவை பெரும்பாலும் இருக்கும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ போன்ற தொடர் புரொட்டஸ்டண்டு மரபைக் காட்டும். ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் காலத்தையும் பேச்சையும் காட்டும். கிள்ளான் என்பதா, கிளாங் என்பதா என்பதுகூட ஒரு சிறு ஆய்வுக்குரிய செய்தி. பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து வருகிறதா, பின் ‘பிள்ளை’, ‘முதலியார்’ போன்ற பட்டம் வருகிறதா என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆண்டைக் கணிக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக் காண்போம். ஒரு கல்லில் ‘அண்ணாமலை’ என்னும் பெயரும், ‘பரிதாபி வருடம் ஆடி மாதம்’ என்பதும் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் பரிதாபி 46ஆவது ஆண்டு. அது 1912-13ஆகவும் இருக்கலாம், 1972-73ஆகவும் இருக்கலாம். ஆடி மாதம் என்பதால் 1912 அல்லது 1972 என்று சுருங்குகிறது. இனி எழுத்தைப் பார்க்க வேண்டும். ‘அண்ணாமலை’ என்னும் ஒரே பெயரில் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு உட்பட்ட ‘ணா’, ‘லை’ ஆகிய இரண்டும் உள்ளன. ணகர ஆகாரம் சுழித்த பழைய வடிவிலும், லகர ஐகாரம் தும்பிக்கை வைத்த பழைய வடிவிலும் இருந்தால் இரண்டு ஆண்டுகளும் பொருந்தும். ஏனெனில் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல்தான், மலேசியாவில் அது பரவியது அதற்கும் பின்னர். புதிய வடிவில் இருந்தால் 1912 பொருந்தாது. 1972ஆம் ஆண்டினர், சீர்திருத்த எழுத்தைத் தாமே முன்கூட்டிக் கைக்கொண்ட குடும்பத்தவராக இருக்கலாம்; அல்லது கல்லே பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். எழுத்து மட்டும் தீர்ப்புக் கூறாது. கல்லின் வகை, அடுத்துள்ள கல்லறைகளின் காலம், பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும். வகுப்பறையில் ஒரு மணி நேரம் சொல்லியும் விளங்காத எழுத்துச் சீர்திருத்த வரலாறு, கல்லின் முன் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

பிழைகளையும் தள்ளிவிடலாகாது. ரகர றகர மயக்கமும் புள்ளி விடுபட்ட மெய்யும் கல்லில் காணப்படும்போது, மாணவர் சிரிப்பதற்கு முன் அவற்றை யார் வெட்டியிருப்பார் என்று கேட்க வேண்டும். தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டிய கைக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். எழுதிக் கொடுத்தவர் பள்ளிக்கே போகாதவராக இருக்கலாம்.

கல்லை நேரில் வாசிப்பதன் பயனை நன்கு உணர்த்துவது ஜி.யு. போப்பின் கல்லறை. ‘தமிழ் மாணவன்’ என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்னும் செய்தியைத் தமிழ்ப்பள்ளி மேடைகளில் கேளாதார் இலர். 1908 பிப்ரவரி 11இல் இறந்த போப், ஆக்சுபோர்டு நகரின் புனித செபல்கர் இடுகாட்டில் அடக்கமானார். அங்குள்ள கல்லில் அத்தகைய தொடர் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்னும் குறிப்பு உள்ளது. குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை வைத்ததாகவும் அது கூறுகிறது. நம் கருத்தில், கதையைவிடக் கல் கூறுவதே சிறப்புடையது. கதை ஒருவரின் விருப்பத்தைச் சொல்கிறது. கல்லோ, கடல் கடந்து தமிழர் தம் நன்றியைக் கல்லாக அனுப்பினர் என்பதைச் சொல்கிறது. ஆயினும் நூறாண்டுகளாக நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது கதையைத்தான்.

கல் இல்லாதவர்

இதுவரை கூறியவை கல் உடையவர்களைப் பற்றியவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் உழைத்து மடிந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கல் இல்லை. இதற்குக் காரணங்கள் பல. எரித்துச் சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடும் வழக்கத்தில் நிலையான இடம் எஞ்சுவதில்லை. புதைப்போரும் தோட்டத்து இடுகாட்டில் மண்மேடு எழுப்பி, பூவும் பாலும் இட்டுத் திரும்பினர். சில மழைக்காலங்களில் மேடு கரைந்துவிடும். நாட்கூலியில் வாழ்ந்தவர் கல்லுக்குச் செலவிட இயலாது. இவற்றோடு சடங்கின் இயல்பும் ஒரு காரணம் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். காரியத்தின்போது கல் நாட்டி வழிபட்டு, முடிவில் அக்கல்லை நீரில் விடும் வழக்கம் தமிழரிடையே உண்டு. கல் தற்காலிகமானது, ஆண்டுதோறும் வரும் திதியே நிலையானது. நினைவை இடத்தில் வைக்காமல் நாளில் வைத்த சமூகம் நம்முடையது. இடத்தை மட்டுமே காட்டும் நடையில் அத்தகைய சமூகம் தென்படாமற் போவதில் வியப்பில்லை.

ஆயினும் இது தமிழர்க்கு என்றும் உரிய இயல்பு என்று கூறிவிட இயலாது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழிப் பொறிப்புடைய நடுகற்கள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பர். ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்த மரபினர், காடழித்து இரப்பர் நட்டு இறந்தவனுக்கு அதைச் செய்யவில்லை. ஒப்பந்தக் கூலி முறையும் கங்காணி முறையும் ஊரையும் உறவையும் பிரித்துவிட்டதே இதற்குக் காரணம் எனலாம். கல் நாட்டுவதற்கு ஊர் வேண்டும். தோட்டம் ஊராக வளர்வதற்குள் இறந்தோர் பலர்.

எத்தனை பேர் என்பதற்குக் கிள்ளானிலேயே சான்று உண்டு. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் கிள்ளான் நகரிலும் பரவிய மலேரியாவைச் சதுப்பு வடிகால்களால் கட்டுப்படுத்தியவர். மலாயக் கூட்டு மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு குறித்து 1911இல் அவர் வெளியிட்ட நூல், சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தொழிலாளர் நலத்தையும் இறப்பு வீதத்தையும் அட்டவணைகளாகத் தருகிறது. அத்தோட்டங்களில் இறந்தவர்களுள் தமிழர் மிகப் பலர். கல்லில் பெயராக இல்லாதவர்கள் அந்நூலில் எண்ணாக இருக்கிறார்கள். கிள்ளானில் வரலாற்று நடை நடத்தும் ஆசிரியர், சுல்தான் சுலைமான் பள்ளிவாசலை அடுத்துள்ள அரச அடக்கத்தலத்தில் மாநில ஆட்சியாளர்களின் வரலாற்றைக் கூறலாம். பின்னர் சிம்பாங் லீமா சுடலைக்கு மாணவரை அழைத்துச் சென்று, அங்கு வாட்சனின் அட்டவணை ஒன்றை அவர்கள் கையில் தரலாம். ஓரிடத்தில் ஒவ்வொருவருக்கும் பெயரும் ஆண்டும் உண்டு. மற்றதில் ஆயிரவருக்கு இத்தனை பேர் என்னும் கணக்கு மட்டுமே உண்டு. இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்ட மாணவர்க்கு, வரலாறு எவற்றைச் சான்றாகக் கொள்கிறது என்பதை விளக்கத் தனி விரிவுரை தேவையில்லை.

சயாம் இரயில் பாதையின் செய்தி இதனினும் கடுமையானது. 1942-43இல் அப்பாதையை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். அவர்களுக்குக் காஞ்சனாபுரியிலும் பிற இடங்களிலும் போர்க்கல்லறைகள் உள்ளன. ஆசியத் தொழிலாளருள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. மலாயாத் தோட்டத் தமிழர் இவர்களுள் பெரும்பங்கினர். அவர்களுக்குக் கல் இல்லை. 2023இல்தான் காஞ்சனாபுரியில் புத்த கோயில் வளாகம் ஒன்றில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நிறுவப்பட்டது. அதற்கு ‘நடுகல்’ என்றே பெயரிட்டது பொருத்தமானது. ஆனால் குவோங் தோங் நினைவுத்தூணின் 1947ஐயும் இந்த 2023ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் வினாவை ஆசிரியர் தவிர்க்கலாகாது.

தாளில் எழுதிய கல்லறை

கல் இல்லை என்பதால் எழுத்தும் இல்லை என்று கொள்ள வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் தம் இறந்தோர்க்குக் கல்லறை எழுத்தை வேறோர் இடத்தில் எழுதினர். அவ்விடம் நாளிதழ். மரண அறிவிப்பு, முப்பதாம் நாள் நன்றி நவிலல், ஓராண்டு நினைவஞ்சலி, பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி என ஆண்டுதோறும் படத்துடன் வெளிவந்த அறிவிப்புகளை நாம் விளம்பரம் என்று கருதிப் புரட்டிவிட்டோம். அவற்றின் அமைப்பைக் கவனித்தால் கல்லறை எழுத்தின் உறுப்புகள் அனைத்தும் அவற்றில் இருப்பது விளங்கும்: பெயர், தோற்றம், மறைவு, ஊர், முன்னர் வாழ்ந்த தோட்டம், பணி, ஒரு செய்யுள், துயருறும் உறவினர் பட்டியல். கல்லில் இல்லாத ஒன்றும் இவற்றில் உண்டு. மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இப்போது வாழும் ஊர்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிப்பதால், ஒரு தோட்டக் குடும்பம் மூன்று தலைமுறையில் எங்கெங்குப் பரவியது என்பதை ஒரே அறிவிப்பில் காணலாம். திதி நாளில் நினைவை வைத்த சமூகம், அத்திதியை அச்சிட்டுக் காட்டிய முறை இது.

கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 சனவரி இறுதியுடன் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுகளின் நினைவஞ்சலிகள் அதன் பக்கங்களில் உள்ளன. 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் மின்னாவணமாக்கியுள்ளது. மலாயாச் செய்திகளும் அவற்றில் மிகுதி. நம் ஆய்வு மாணவர்கள் சிறுகதைக்காகவும் கவிதைக்காகவும் இவ்விதழ்களைப் புரட்டியுள்ளனர். மரண அறிவிப்புகளுக்காகவும் புரட்டலாம். தோட்டப்பெயர்களை மட்டும் தொகுத்தாலே, இன்று வீடமைப்புத் திட்டங்களாகிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களின் நிலப்படம் ஒன்று உருவாகும். தோட்டம் விற்கப்படும்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் மாற்றிடம் கேட்கிறோம்; இடுகாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் எழுகிறது. அவ்வேளையில் அங்கு அடங்கியோர் யார் என்று கேட்டால் பதிலளிக்க நம்மிடம் இருக்கக்கூடியது இத்தொகுப்பே.

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக உள்ளது. ஆதலின் இந்நடையை இடைநிலைப்பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் மட்டும் உரியதாகக் கொள்ள வேண்டியதில்லை. நடத்தும் முறையில் கவனிக்கத்தக்கவை சில. நிருவாகத்தின் இசைவை முன்கூட்டிப் பெறுதல் வேண்டும். சீன இடுகாடுகளில் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் மெங் காலத்தையும், கத்தோலிக்க இடுகாடுகளில் நவம்பர் 2ஆம் நாளையும் தவிர்த்தல் நன்று. அவை குடும்பத்தார்க்குரிய நாட்கள். வெயிலுக்கு முன், காலை ஏழரை மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடிக்கலாம். அதற்குள் எட்டு அல்லது பத்துக் கற்களுக்கு மேல் வாசிக்க இயலாது, வாசிக்கவும் கூடாது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், அமிலத்தால் கழுவுவதும், கம்பித் தூரிகையால் உரசுவதும் கல்லை அழிக்கும். கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் மங்கிய எழுத்தும் நிழலிட்டுத் தெரியும். மாணவர்க்கு அது ஒரு மகிழ்ச்சியும்கூட. அண்மையில் இறந்தோரின் கல்லறைகளை நடையில் சேர்க்காதிருப்பது முறை. அடக்கம் நடந்துகொண்டிருந்தால் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். மாணவர் எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் அது எளிதன்று. இடுகாட்டிற்குப் பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோர் இருப்பர். அவர்களை வற்புறுத்த வேண்டா. அம்மாணவர்க்கு நாளிதழ்ப் பக்கத்தைத் தரலாம், பயிற்சி ஒன்றேதான்.

வாசித்ததைப் பதிவு செய்கையில் கல்லில் உள்ளவாறே, பிழையுடன், வரிபிரித்து எழுதச் சொல்ல வேண்டும். திருத்திய வடிவம் தனிக் கட்டத்தில் வரட்டும். கல்லின் இடம், முகம் நோக்கும் திசை, அளவு, கல்வகை, படமெடுத்த நாள் ஆகியவை உடன் இருத்தல் வேண்டும். வீட்டுப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டுள்ள நினைவஞ்சலித் தாளுக்கும் இதே படிவம் பொருந்தும். திசைக்குப் பதில் பக்க எண்ணும், கல்வகைக்குப் பதில் நாளிதழின் பெயரும் அமையும். வெட்டியெடுத்த தாளில் நாள் பெரும்பாலும் இராது. ஆகவே பின்பக்கத்தில் அச்சாகியுள்ள செய்தியையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அச்செய்தியைக் கொண்டே நாளைக் கண்டறிய முடியும்.